ஒரே கொரியப் பெயர்தான், ஆனால் கணினி இரண்டும் வேறு என்கிறது

மாங்கூழ்_கிரி (கேள்வி)

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். பெங்களூரா மாங்காய் சீசன், லாரிகள் இரவும் பகலும் வந்து நிற்கின்றன, அதற்கு நடுவில் மூன்று நாளாக ஒரு சிக்கல் என்னைத் தூங்க விடவில்லை.

கொரியாவில் ஒரு வாங்குநர் இருக்கிறார். அங்கே இறக்குமதியாகும் உணவுப் பொருளில் கொரிய மொழி லேபிள் இருக்க வேண்டும் என்பதால், டிரம்களில் ஒட்ட வேண்டிய லேபிள் படங்களை அவர்களே தயாரித்து ஒரே ஜிப் கோப்பாக அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு படத்தின் பெயரும் கொரிய எழுத்தில் பொருளின் பெயர், அப்புறம் லாட் எண். முன்கூட்டியே அவர்கள் அனுப்பிய எக்செல் பட்டியலிலும் இதே பெயர்கள் உண்டு. 340 படம், 340 வரி. ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒப்பிட முடியாது என்று பைத்தானில் இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன்: பட்டியலில் உள்ள பெயர் படங்களில் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். 340-ல் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

இரண்டையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கொரிய மொழி தெரியாது, வடிவத்தை வைத்துத்தான் பார்க்கிறேன், ஆனால் ஒரு கோடுகூட வித்தியாசம் இல்லை. இன்னொரு மென்பொருளில் திறந்தால் பட்டியலில் உள்ள பெயர் கட்டம் கட்டமாக ஒழுங்காக இருக்கிறது, படத்தின் பெயர் மட்டும் உதிரி உதிரியாகப் பிரிந்து நீளமாகப் போகிறது. கூடவே வந்த ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தால் முழுக்கக் குப்பை எழுத்து.

கொரிய எழுத்தைக் கணினி எப்படித்தான் சேமிக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் அடியிலிருந்து சொல்லுங்கள். வெறுமனே 'இந்த வரியைப் போடு' என்று சொன்னால் அடுத்த ஜிப்பில் வேறு மாதிரி உதைக்கும்போது மறுபடியும் இங்கேதான் வந்து நிற்பேன்.


பென்னாகரத்தான்

ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள், மீதியை அப்புறம் பேசலாம். பட்டியலிலிருந்து 'மாம்பழம்' என்ற சொல்லை மட்டும் எடுத்து அதன் நீளத்தைக் கேளுங்கள். படத்தின் பெயரிலிருந்தும் அதே சொல்லை எடுத்து நீளத்தைக் கேளுங்கள். கொரிய மொழியில் மாம்பழத்துக்கு 'மாங்கோ' என்றுதான் சொல்வார்கள், கட்டமாகப் பார்த்தால் இரண்டே எழுத்து.


மாங்கூழ்_கிரி

பார்த்தேன் அண்ணா. பட்டியலில் 2. படத்தின் பெயரில் 5. எப்படி 5?


பென்னாகரத்தான்

நினைத்தேன். சரி, அடியிலிருந்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது, அதைக் குறியெண் என்பார்கள். இணையத்தில் இந்தக் குறியெண்களைப் பதினாறடிமானத்தில் போட்டிருப்பார்கள், நான் நாம் எண்ணும் சாதாரண எண்ணிலேயே தருகிறேன். கணக்குப் போட்டுப் பார்க்க அதுதான் வசதி.

ஹங்குல், அதாவது கொரிய எழுத்தை நாம் ஒரு கட்டமாகப் பார்க்கிறோம். அந்தக் கட்டம் ஒரு அசை. அதற்குள் முதல் ஒலி ஒன்று, நடு ஒலி ஒன்று, கீழே கடை ஒலி ஒன்று. கடை ஒலி இல்லாமலும் இருக்கலாம். முதல் ஒலி மெய், நடு ஒலி உயிர், கடை ஒலி மறுபடியும் மெய். நம் உயிர்மெய்யில் 'க' மேல் 'இ' ஏறி 'கி' ஆவது போல, ஆனால் பின்னால் வரும் மெய்யையும் அதே கட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். நாம் 'மாங்' என்று நான்கு துண்டாக எழுதுவதை அவர்கள் ஒரு சதுரத்துக்குள் அடக்குவார்கள்.

இன்றைய கொரிய மொழியில் முதல் இடத்தில் 19 மெய் வரலாம். நடுவில் 21 உயிர். கடையில் 27 வகை, அத்துடன் 'ஒன்றும் இல்லை' என்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தால் 28. பெருக்குங்கள்: 19 × 21 × 28 = 11,172. இந்த 11,172 கட்டங்களுக்கும் யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம் அது) தனித்தனி இடம் கொடுத்துவிட்டார்கள், 44032-ல் தொடங்கி 55203 வரை. ஒரு இடம்கூடக் காலி இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிசை. அட்டவணை எதுவும் வேண்டாம், கணக்கே போதும். முதல் ஒலியின் வரிசை எண்ணை 21-ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, அதை 28-ஆல் பெருக்கி, கடை ஒலியின் எண்ணைக் கூட்டி, கடைசியில் 44032-ஐக் கூட்டினால் அந்தக் கட்டத்தின் குறியெண் வந்துவிடும். முதல் ஒலியையும் உயிரையும் 0-லிருந்து எண்ண வேண்டும், கடை ஒலியில் 0 என்றால் இல்லை என்று அர்த்தம்.

உங்கள் மாம்பழத்தையே எடுப்போம். 'மாங்' என்ற கட்டத்தில் 'ம'-வின் எண் 6, 'ஆ'-வின் எண் 0, கடையில் வரும் 'ங்'-கின் எண் 21. ஆக (6 × 21 + 0) × 28 + 21 = 3549. அத்துடன் 44032 சேர்த்தால் 47581. எக்செல்லில் யூனிசார் சார்பில் இந்த எண்ணைக் கொடுங்கள், 'மாங்' வந்து நிற்கும். 'கோ'-வுக்கு 'க' 0, 'ஓ' 8, கடை ஒலி இல்லை, எனவே 8 × 28 = 224, குறியெண் 44256.

திரும்பப் பிரிப்பதும் அப்படியே. குறியெண்ணிலிருந்து 44032-ஐக் கழித்து 588-ஆல் (21 × 28) வகுத்தால் ஈவுதான் முதல் ஒலி. மீதியை 28-ஆல் வகுத்தால் ஈவு உயிர், மிஞ்சுவது கடை ஒலி. 3549-ஐ வகுத்துப் பாருங்கள், 6, 0, 21 என்று அப்படியே திரும்பி வரும். நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஈவும் மீதியும் நடத்தும்போது இதைத்தான் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். கைபேசியில் உள்ள ஒரு எழுத்து வகுத்தலில் பிரிந்து விழுவதைப் பார்த்ததும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் யூனிகோடில் இருக்கிறது, அதில்தான் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். கட்டமாகச் சேர்க்காமல் உள்ளே இருக்கும் துண்டுகளைத் தனித்தனியாக வரிசையில் வைப்பது. கொரியர்கள் அந்தத் துண்டுகளை ஜமோ என்பார்கள். முதலில் வரும் 19 மெய்யும் 4352-லிருந்து 4370 வரை, 21 உயிரும் 4449-லிருந்து 4469 வரை, கடையில் வரும் 27-ம் 4520-லிருந்து 4546 வரை. அப்போது 'மாங்கோ' என்பது 4358, 4449, 4540, 4352, 4457 என்று ஐந்து எண். அதுதான் உங்கள் 5. நல்ல எழுத்துரு இருந்தால் திரையில் துண்டுகள் தானாகச் சேர்ந்து கட்டமாகத் தெரியும், இல்லையென்றால் உதிரியாக நிற்கும். நோட்பேடில் ஒன்றாகவும் இன்னொன்றில் பிரிந்தும் தெரிந்தது இதனால்தான்.

இரண்டும் ஒரே எழுத்துதான் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் பைத்தானில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அது எண்ணை மட்டும்தான் பார்க்கும். இரண்டு எண்ணும் ஐந்து எண்ணும் எப்படிச் சமமாகும்? எனவே ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சேர்த்த வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர், பிரித்த வடிவத்துக்கு என்எஃப்டி. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற சார்பு இருக்கிறது, பட்டியல் பெயர், படத்தின் பெயர் இரண்டையும் அதன் வழியாக என்எஃப்சி-க்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

படத்தின் பெயர் ஏன் பிரிந்து வந்தது என்று கேட்பீர்கள். அனுப்பியவர் கணினியைப் பொறுத்தது. உதாரணமாக ஆப்பிள் கணினிகளில் 1998-ல் வந்த கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அது தப்பு இல்லை, யூனிகோடு அனுமதித்த இரண்டு வடிவங்களில் ஒன்றைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விண்டோஸில் தட்டச்சு செய்தால் சேர்ந்த வடிவம்தான் வரும். ஒருவர் பட்டியலை ஒன்றில் அடித்து, இன்னொருவர் படத்தை மற்றொன்றில் சேமித்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த எண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சேர்ந்த 'மாங்கோ' 6 பைட், பிரிந்த 'மாங்கோ' 15 பைட். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, எனவே நீளமான கொரியப் பெயர் பிரிந்த வடிவில் வந்தால் சர்வரில் ஏற்றும்போதே நின்றுவிடும்.


மாங்கூழ்_கிரி

அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நார்மலைஸ் போட்டதும் 340-ல் 331 பொருந்திவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆலையில் தனியாகக் கை தட்டினேன்.

மீதி 9 இன்னும் 'இல்லை' என்றே வருகிறது. அந்த 9-லும் பெயரின் கடைசியில் ஒரு ஒற்றை எழுத்து தனியாக இருக்கிறது, நாம் அ, ஆ, இ என்று தரம் பிரிப்போமே, அந்த மாதிரி. எக்செல்லில் அந்த ஒன்பது வரியில் மட்டும் எழுத்து விட்டுப்போயிருந்தது, வாங்குநரிடம் தொலைபேசியில் கேட்டு நானே சேர்த்தேன். என் கணினியில் கொரிய விசைப்பலகை இல்லாததால் எழுத்து அட்டவணையில் தேடி, பார்க்க ஒன்று போல இருப்பதை எடுத்து ஒட்டினேன். அதில் தவறு நடந்திருக்குமோ?


ஓசூர்_ஹங்குல்

நான் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாகக் கொரிய மொழி படிக்கிறேன், இந்த இடத்தில் நானும் ஒரு தடவை விழுந்து எழுந்தேன், அதனால் எழுதுகிறேன்.

பென்னாகரம் அண்ணன் இரண்டு வழி சொன்னார், மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. தனியாக நிற்கும் எழுத்துக்கு என்றே வேறு ஒரு தொகுதி, 12593-லிருந்து 12643 வரை 51 எழுத்து. பழைய கொரியத் தரத்தில் இருந்த உதிரி எழுத்துகளை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பதற்காக யூனிகோடில் வைத்தது. கொரிய விசைப்பலகையில் ஒரே ஒரு மெய்யைத் தட்டிவிட்டு நிறுத்தினால் வருவது இதுதான். கொரியப் பிள்ளைகள் அரட்டையில் சிரிப்புக்கு 'க்க்க்' என்று வரிசையாக ஒரே எழுத்தை அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தத் தொகுதிதான். இந்த எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் கட்டமாகச் சேராது.

ஆக 'க' என்ற ஒரே வடிவத்துக்கு மூன்று எண்: கட்டத்தின் முதலில் வந்தால் 4352, கடையில் வந்தால் 4520, தனியாக நின்றால் 12593. நீங்கள் எழுத்து அட்டவணையிலிருந்து எடுத்தது 4352 ஆக இருக்கும், அவர்கள் விசைப்பலகையில் அடித்தது 12593. என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, அதன் கணக்கில் இவை வேறு வேறு எழுத்து. என்எஃப்கேசி என்று இன்னொரு வடிவம் உண்டு, அது 12593-ஐ 4352 ஆக மாற்றிவிடும், ஆனால் தயவுசெய்து எல்லாவற்றுக்கும் அதைப் போடாதீர்கள். கடையில் வர வேண்டிய மெய்யையும் முதல் மெய்யாகவே மாற்றிவைத்துவிடும், தனித்தனியாக அடித்த மூன்று எழுத்து 'மா' என்று ஒரு கட்டமாகவும் பக்கத்தில் அநாதையாக ஒரு எழுத்தாகவும் வந்து நிற்கும். அந்த 9 வரியில் மட்டும் நீங்கள் ஒட்டியதை அழித்துவிட்டு, விண்டோஸில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்து அதில் அடியுங்கள். இரண்டு நிமிட வேலை.

விசைப்பலகை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரியாவின் தரமான இரு தொகுதி விசைப்பலகையில் மெய் எல்லாம் இடது கைக்கு, உயிர் எல்லாம் வலது கைக்கு. நம் தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடது, மெய் வலது. இரண்டிலும் மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் தானாகச் சேரும். தமிழ்99 பழகியிருந்ததால் எனக்கு ஒரே வாரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். 'க', 'ஆ', 'ந' என்று மூன்று விசை தட்டினால் திரையில் 'கான்' என்று ஒரு கட்டம் வரும். அடுத்து 'ஆ' தட்டியதும் கீழே இருந்த 'ன்' சட்டென்று துள்ளி அடுத்த கட்டத்துக்குப் போய் 'கா', 'நா' என்று இரண்டாகும். கடைசி மெய் இந்தக் கட்டத்துக்குச் சொந்தமா அடுத்ததற்குச் சொந்தமா என்பது அடுத்த விசை வரும் வரை கணினிக்குத் தெரியாது அல்லவா. எழுத்து இப்படி இடம் மாறி மினுங்குவதைக் கொரியர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு நெருப்பு என்று சொல்வார்கள். ராத்திரி ஏரிக்கரையில் தெரியும் என்று எங்கள் பாட்டி பயமுறுத்திய அதே கொள்ளிவாய்ப் பிசாசு, அங்கேயும் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், உங்கள் நிரலுக்கு உதவலாம். கொரியக் கைபேசிகளில் ஒருவர் பெயரைத் தேட முழுப் பெயரையும் அடிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு கட்டத்தின் முதல் மெய்யை மட்டும் அடித்தால் போதும். 'ம', 'க' என்று அடித்தால் 'மாங்கோ' வரும். அண்ணன் சொன்ன 588-ஆல் வகுக்கும் கணக்கு இருந்தாலே இதைச் செய்துவிடலாம்.


அச்சகம்_தருமபுரி

தம்பி, உங்கள் டெக்ஸ்ட் கோப்பை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அது குப்பை இல்லை. யூனிகோடு அல்லாத பழைய கொரியக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் வேறு ஒரு முறையில் சேமித்த கோப்பாக இருக்கும். பைத்தானில் திறக்கும்போது குறியேற்றம் சிபி949 என்று கொடுத்துப் பாருங்கள், தொண்ணூறு சதவீதம் சரியாகிவிடும்.

நான் தருமபுரியில் முப்பது வருடமாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும்தான் பிழைப்பு, ஆனால் எழுத்து எப்படிக் கணினிக்குள் போய் உட்காருகிறது என்பதில் எனக்குத் தீராத ஆர்வம், காரணம் அதில் நான் பட்ட பாடு. கொரியர்கள் இந்த 11,172-க்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவர்களும் நம்மைப் போல அல்லாடித்தான் வந்தார்கள்.

1987-ல் அவர்கள் ஒரு தேசியத் தரம் கொண்டுவந்தார்கள். 94-க்கு 94 கட்டம் போட்ட ஒரு பலகை மாதிரி, மொத்தம் 8836 இடம். அதில் சீன எழுத்துக்கு 4888 கொடுத்தார்கள், குறியீடுகளுக்குக் கொஞ்சம், ஹங்குலுக்குக் கிடைத்தது 2350. அடிக்கடி வரும் அசைகள் மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. சொந்த மொழியில் உச்சரிக்க முடிகிற, கையால் எழுத முடிகிற ஒரு அசையைக் கணினியில் எழுத முடியாது என்றால் எப்படி இருக்கும்? தாய்லாந்து தோம்யாம் சூப்பைக் கொரிய மொழியில் எழுதும்போது முதலில் வரும் 'தோம்' என்ற கட்டம் அந்த 2350-ல் கிடையாது. இன்றைய யூனிகோடில் அதற்கு 46624 என்று ஒரு எண் இருக்கிறது.

அப்போதே இன்னொரு கட்சியும் இருந்தது. 16 பிட்டில் ஒன்றை அடையாளத்துக்கு வைத்துவிட்டு, மீதி 15-ஐ ஐந்து ஐந்தாகப் பிரித்து முதல், நடு, கடை ஒலிக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஐந்து பிட்டில் 32 வரை எண்ணலாம், 19-ம் 21-ம் 28-ம் தாராளமாக அடங்கும். எழுத்து எந்த முறையில் பிறந்ததோ அந்த முறையிலேயே சேமிப்பது. சேஜோங் மன்னர் 1443-ல் ஒலிக்கு ஒரு வடிவம் என்று வகுத்து 1446-ல் மக்களுக்குக் கொடுத்த எழுத்து அது, வாயின் வடிவத்தை வைத்து 'ம'-வுக்குச் சதுரம் போட்ட எழுத்து. அதை 2350 அச்சு வார்ப்புகளாகச் சுருக்கியது எனக்கு இன்றும் ஏற்கவில்லை. 1992-ல் இந்தச் சேர்ப்பு முறையையும் தரத்தின் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். பிறகு விண்டோஸுக்காக வந்த சிபி949 விட்டுப்போன 8822 அசைகளையும் காலியாக இருந்த இடங்களில் செருகியது. 2350-ம் 8822-ம் சேர்ந்தால் அதே 11,172. ஆனால் செருகியதால் வரிசை போயிற்று, அகராதி வரிசைப்படி அடுக்க முடியாது.

யூனிகோடும் அப்படித்தான் தடுமாறியது. 1991-ல் முதல் பதிப்பில் 2350, 1993-ல் 6656, கடைசியில் 1996-ல் இரண்டாம் பதிப்பில் பழைய இடத்தையே மொத்தமாகக் காலி செய்துவிட்டு 44032-லிருந்து முழு 11,172-ஐயும் புதிதாகக் குடியேற்றினார்கள். ஏற்கெனவே பழைய எண்ணில் சேமித்திருந்த கோப்புகள் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது, அதன் பிறகுதான் ஒரு எழுத்துக்கு ஒரு முறை கொடுத்த இடத்தை இனி ஒருபோதும் மாற்றுவதில்லை என்று உறுதியாக முடிவு செய்தார்கள். கொரியர்கள் கதவு சாத்துவதற்கு முன் உள்ளே போய்விட்டார்கள்.

இப்போது நம் கதை. தமிழுக்கு யூனிகோடில் 2944-லிருந்து 3071 வரை 128 இடம், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காலி. 247 எழுத்தும் தனித்தனியாக இல்லை. உயிர், அகரமேறிய மெய், அப்புறம் கால், கொம்பு, புள்ளி, அவ்வளவுதான். வரிசையும் நம் வரிசை இல்லை: 'ந' 2984, அதற்கு அடுத்து 'ன' 2985, அதற்குப் பிறகுதான் 'ப'. நம் அரிச்சுவடியில் 'ன' கடைசி. எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை வராது. கொரிய எண்ணை அப்படியே அடுக்கினால் அவர்கள் அகராதி வரிசை வந்துவிடும். 247-க்கும் இடம் கொடுக்கும் டேஸ்16 என்ற குறியேற்றத்தை 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்துத் தரமாக அறிவித்தது, ஆனால் யூனிகோடில் அது, அவரவர் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. 11,172 இடம் அவர்களுக்குக் கிடைத்தபோது நமக்கு 247 கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம், இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.


பென்னாகரத்தான்

அச்சகம் ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, வரிசை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். முழுக் கட்டமும் கிடைத்துவிட்டதால் கொரியர்களுக்குத் துண்டு முறை தேவையில்லாமல் போகவில்லை. சேஜோங் காலத்தில் 28 எழுத்து, இன்று அடிப்படை எழுத்து 24. வழக்கொழிந்த அந்த நான்கு எழுத்தோடு வரும் பழைய நூல்களை எழுத 11,172 கட்டத்தில் இடமில்லை, அதற்கு ஜமோவைத்தான் கோக்க வேண்டும், 2009-ல் அதற்காக இன்னும் இரண்டு தொகுதி சேர்த்தார்கள். இரண்டு முறையும் இருப்பதால்தான் இந்தத் தம்பி மூன்று நாள் தூங்கவில்லை. நமக்கும் 247-ஐத் தனியாகக் கொடுத்து இப்போதுள்ள கால், கொம்பையும் வைத்திருந்தால், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் இரண்டு வடிவில் உலவும். தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இப்போதே அந்தச் சிக்கல் நமக்குக் கொஞ்சம் இருக்கிறது. 'தொப்பூர்' என்று எழுதுங்கள். 'தொ'-வில் உள்ள ஒகரக் குறிக்கு 3018 என்று ஒரே எண்ணும் உண்டு, ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் அதே தொப்பூர். நீளம் ஒன்றில் 8, மற்றதில் 9. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை.


அச்சகம்_தருமபுரி

அது சரிதான் சார், அதை நான் மறுக்க மாட்டேன். பழைய எழுத்துருவில் நாங்கள் கொம்பை முதலில் அடித்து, அப்புறம் எழுத்து, அப்புறம் கால் அடிப்போம். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சில மாற்றிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்துவதோடு நிறுத்திவிடும், கொம்பையும் காலையும் ஒன்றாக்காது. அப்படி மாற்றிய வாக்காளர் நோட்டீஸ் ஒன்றில் ஊர்ப் பெயரைத் தேடித் தேடிக் கிடைக்காமல் ஒரு முழு இரவு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது இந்த என்எஃப்சி-யைச் சொல்லியிருந்தால் விடியும் முன் வீட்டுக்குப் போயிருப்பேன். வரிசைக்காக நான் கேட்டது மட்டும் கேட்டதுதான்.


மாங்கூழ்_கிரி

எல்லோருக்கும் நன்றி. 340-ம் பொருந்திவிட்டது. ஒன்பது வரியையும் கொரிய விசைப்பலகையில் அடித்தேன், 12593 வந்தது. டெக்ஸ்ட் கோப்பு சிபி949-ல் சுத்தமாகத் திறந்தது, உள்ளே இருந்தது லேபிள் ஒட்டும் உயரம் பற்றிய குறிப்பு. லேபிள்கள் காலையில் அச்சுக்குப் போய்விட்டன.

தொப்பூர் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்ததும் மனதில் ஒன்று உறுத்தியது. எங்கள் ஆலைக்கு மாங்காய் தரும் விவசாயிகளின் பட்டியல் தமிழில்தான் இருக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததை யாரோ சில வருடம் முன்பு மாற்றினார்கள், அதற்குப் பிறகு வந்தவர்களைப் புதிதாகச் சேர்த்தோம். ஊர்வாரியாக எண்ணும்போது போச்சம்பள்ளி மட்டும் எப்போதும் இரண்டு வரியாக வரும், ஒன்றில் 41 பேர், இன்னொன்றில் 6 பேர். ஏதோ பக்கத்துக் குக்கிராமம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டோம். இன்று இரண்டின் நீளத்தையும் பார்த்தேன். ஒன்று 12, மற்றது 13.

என்எஃப்சி போட்டு மறுபடி எண்ணினேன். போச்சம்பள்ளி, ஒரே வரி, 47 பேர்.